பார்க்குல மாசாமாசம் கூடணுமா? மழைக்கும் நிக்காம வருஷம் முழுக்க நடத்த முழு வழிகாட்டி

நாகர்கோவில் வேப்பமூடு பூங்கா மாதிரி டவுன் நடுவுல இருக்கிற ஒரு பார்க்குல, மாசம் ஒருதடவை பெரியவங்க பிள்ளைங்க எல்லாரும் வந்து உட்கார்ந்து பேசி, பாடி, விளையாடிட்டு போற மாதிரி ஒண்ணு ஆரம்பிக்கணும்னு நினைக்கிறவங்களுக்கு இது. நாங்க நாலு பேர் சேர்ந்து மூணு வருஷத்துக்கு மேல நடத்திட்டு இருக்கோம். எந்த பார்க்குன்னு சொல்லல, கீழ கொஞ்சம் புலம்பலும் இருக்கு அதனால.

எங்களை பார்த்து ஆரம்பிச்ச ஆறேழு குழுவையும் கூடவே பார்த்தாச்சு. பெரும்பாலும் எல்லாரும் ஒரே இடத்துல தான் விழுறாங்க. ஜனவரில அமோகமா தொடங்குவாங்க, ஜூன் மழையில ஒருதடவை கேன்சல், ஜூலைல "இந்த மாசம் உண்டா இல்லையா"ன்னு வாட்ஸப்ல நாலு பேர் கேப்பாங்க, ஆகஸ்ட்ல கேக்கவே ஆள் இருக்காது. நிகழ்ச்சி நல்லா இல்லைன்னு நின்னுபோனது ஒண்ணுகூட கிடையாது. உண்டா இல்லையான்னு தெரியாம தான் நின்னுபோச்சு. அதனால கீழ இருக்கிற வரிசையை மாத்தாதீங்க, முக்கியமா 4, 5, 6 மூணும் முடியாம யாரையும் கூப்பிடாதீங்க.

முன்கூட்டி கையில இருக்க வேண்டியது

பெரிய லிஸ்ட் இல்ல. ரெண்டு பெரிய தார்பாய், பத்து கோரைப்பாய், ஒரு வாளி, ரெண்டு பெரிய ஃப்ளாஸ்க், ஐம்பது சில்வர் டம்ளர், சாக்குப்பை நாலு, முதலுதவி டப்பா, ஒரு கரும்பலகை, சாக்பீஸ், ஒரு நோட்டு. டம்ளரை தவிர மத்தது பாதி நம்ம வீடுகள்லயே கிடக்கும். மைக் செட், பேனர், டீ ஷர்ட் இதெல்லாம் முதல் ஆறு மாசத்துக்கு வேண்டவே வேண்டாம். பேனர் அடிச்ச குழுவெல்லாம் பேனர் கிழியுறதுக்கு முன்னாடி நின்னுபோனதை கண்ணால பார்த்திருக்கேன்.

1. ரெண்டு வாரம் சும்மா போய் உட்காருங்க

யாருகிட்டயும் ஒண்ணும் சொல்லாம ஒரு நோட்டோட போங்க. 4.15 மணி, 5 மணி, 5.45 மணி, மூணு நேரமும் நிழல் எங்க விழுது, எந்த பெஞ்ச்ல யாரு இருக்கா, எந்த லைட் எரியுது, நாய் எங்க படுத்துக்குது எல்லாத்தையும் எழுதுங்க. காலையில 10 மணிக்கு போய் பார்த்துட்டு "சூப்பர் நிழல்"னு முடிவு பண்ணினா சாயங்காலம் அதே இடத்துல வெயில் மூஞ்சியில அடிக்கும்.

ஒருநாள் மழை பெய்ஞ்சு விட்டு அரைமணி நேரம் கழிச்சு கண்டிப்பா போகணும். இதை தான் யாருமே செய்யுறதில்ல. எங்க பார்க்குல நடுவுல ஒரு புல்தரை உண்டு, பார்க்க பச்சைப்பசேல்னு இருக்கும், முதல் கூடுகையை அங்கன தான் போட்டோம். முந்தின நாள் ராத்திரி நல்ல மழை, மேல காய்ஞ்ச மாதிரி தான் இருந்துச்சு, ஆனா பிளாஸ்டிக் சேரோட பின்காலு ரெண்டும் நாலு விரக்கடைக்கு உள்ள இறங்கி, ரிட்டயர்டு சார் ஒருத்தர் பேசிட்டு இருக்கும்போதே மெதுவா, ரொம்ப மெதுவா பின்னால சாய்ஞ்சார். அடி ஒண்ணும் படல. அடுத்த மாசத்துல இருந்து சிமெண்ட் தரையை விட்டு நாங்க இறங்கல.

மரத்தையும் பாருங்க. தென்னைக்கு அடியில இடம் போடவே கூடாது, காய் விழுந்தா முடிஞ்சுது. மாமரமா இருந்தா இலையை ஒட்டி முசுறு எறும்பு கூடு கட்டியிருக்கான்னு அண்ணாந்து பாருங்க, இல்லேன்னா பிள்ளைங்க கழுத்துல எறங்கும். பெரிய தூங்குமூஞ்சி மரம் நிழலுக்கு அருமை, ஆனா காய்ஞ்ச கிளை நிக்குதான்னு பார்த்துட்டு தான். 2017 நவம்பர் 30 ஒக்கி புயலை பார்த்த நம்ம ஊர்க்காரங்களுக்கு மரம் எப்படி விழும்னு சொல்லித்தர வேண்டாம். காய்ஞ்ச கிளை இருந்தா அதை வெட்ட தனியா ஒரு மனு எழுதுங்க, கூடுகைக்கான மனுவோட சேர்க்காதீங்க, ரெண்டும் வேற வேற மேஜைக்கு போகும்.

2. ஏற்கனவே அங்க இருக்கிறவங்ககிட்ட முதல்ல பேசுங்க

பார்க் காலி இடம் இல்ல. தினமும் அதே பெஞ்ச்ல பேப்பர் வாசிக்கிற பெரியவங்க, நடக்க வர்ற அக்காமார், சுத்தம் பண்றவங்க, வாச்மேன், வாசல்ல கடலை வண்டி போடுற அண்ணாச்சி, இவங்களுக்கு அந்த இடத்துல நம்மளவிட உரிமை அதிகம். இவங்ககிட்ட சொல்லாம ஒருநாள் திடீர்னு நாற்பது பேரோட போய் எறங்கினா ரெண்டாவது மாசமே புகார் போகும்.

கேட்க வேண்டியது ஒரே கேள்வி: "நாங்க எங்க உட்கார்ந்தா உங்களுக்கு இடைஞ்சல் இருக்காது?" இதை கேட்டதும் அவங்களே இடம் காட்டுவாங்க, எந்த பைப்ல தண்ணி வரும், எந்த நாள் என்ன வேலை நடக்கும் எல்லாம் சொல்லுவாங்க. எங்களுக்கு மண்டபத்து சாவி யாருகிட்ட இருக்குன்னு சொன்னதே கடலை அண்ணாச்சி தான், அதுக்கு முன்னாடி மூணு வாரம் ஆபீஸ் ஆபீஸா அலைஞ்சோம்.

வாச்மேனை தனியா பார்த்து பேசுங்க, போன் நம்பர் வாங்குங்க, நம்ம நம்பரையும் ஒரு தாள்ல பெருசா எழுதிக் கொடுங்க. மழை நாள்ல பார்க்குல என்ன நிலைமைன்னு வீட்ல இருந்தே தெரிஞ்சுக்க இதுதான் வழி. மேற்கு பக்கம் மார்த்தாண்டத்துல கொட்டும், நாகர்கோவில்ல ஒரு சொட்டு இருக்காது, தெரியும்ல.

3. நாலு பேர், நாலு வேலை

பத்து பேர் கமிட்டி போட்டா பத்து பேரும் அடுத்தவன் பார்த்துப்பான்னு இருப்பாங்க. நாலு போதும். ஒருத்தர் மனுவும் ஆபீஸும், ஒருத்தர் மழையும் மாத்து இடமும், ஒருத்தர் பாய், ஃப்ளாஸ்க், பொருள் எல்லாம், ஒருத்தர் வாசல்ல நின்னு வர்றவங்களை கூட்டிட்டு வர்ற வேலை.

நாலுல ரெண்டு பேராவது பார்க்குக்கு நடந்து வர்ற தூரத்துல இருக்கணும். இது தான் முக்கியமான தகுதி, பேச்சுத்திறமை எல்லாம் அப்புறம். ஏன்னு 6ல சொல்றேன்.

வாசல்ல நிக்கிற வேலையை லேசா நினைக்காதீங்க. புதுசா வர்ற ஒருத்தர் வாசல்ல இருந்து வட்டமா உட்கார்ந்திருக்கிற கூட்டத்தை பார்த்ததும், "இது வேற யாரோட நிகழ்ச்சியோ"ன்னு நினைச்சு ஒரு ரவுண்ட் நடந்துட்டு அப்படியே போயிடுவாங்க. ஒருத்தர் போய் "வாங்க அக்கா, நமக்குள்ள தான், உட்காருங்க"ன்னு சொன்னா தான் வந்து இருப்பாங்க. எங்க குழுல இன்னைக்கு வில்லுப்பாட்டு சொல்லித்தர்றவரே அப்படி மூணு மாசம் சுத்திட்டு சுத்திட்டு போனவர் தான்.

4. நாள், நேரம், இடம்: ஒருதடவை முடிவு பண்ணுங்க, அப்புறம் தொடாதீங்க

எங்களுக்கு சரியா வந்தது ரெண்டாவது சனிக்கிழமை சாயங்காலம் 4.30ல இருந்து 6 வரை. காரணம் சொல்றேன், உங்க ஊருக்கு தக்க மாத்திக்கோங்க.

ஞாயித்துக்கிழமை காலை நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல நடக்காது, பாதி ஊர் சர்ச்சுல பூசைக்கும் ஆராதனைக்கும் போயிருக்கும். ஞாயிறு சாயங்காலம் கல்யாண வரவேற்பு, வீட்டுக்கு விருந்தாளி. வெள்ளிக்கிழமை ஜும்மா ஒருபக்கம், அம்மன் கோயில் ஒருபக்கம். ரெண்டாவது சனிக்கிழமை பேங்க் லீவு, நிறைய பேருக்கு கையில நேரம் உண்டு, அடுத்த நாள் ஞாயிறுங்கிறதால பிள்ளைங்களும் வீட்டுப்பாடம்னு ஓடாது.

நேரம் ஏன் 6 மணியோட முடியணும்னா, நம்ம பக்கம் நவம்பர்ல 6 மணி வாக்குலயே சூரியன் விழுந்துரும், ஜூலைல 6.40 வரை வெளிச்சம் உண்டு. நிறைய பேர் கோடைல ஆரம்பிச்சுட்டு "5.30க்கு வாங்க"ன்னு போட்டுருவாங்க, நவம்பர் வந்ததும் அரைமணி நேரத்துல இருட்டு, கொசு, லைட் எரியாது, அப்போ நேரத்தை மாத்துவாங்க, மாத்தினதும் பாதி பேர் பழைய நேரத்துக்கு வருவாங்க. அதனால வருஷத்துலயே சீக்கிரம் இருட்டுற மாசத்தை வச்சு நேரம் போடுங்க, அது பன்னெண்டு மாசத்துக்கும் ஓடும்.

இன்னொண்ணு பஸ். 2021 மே மாசத்துல இருந்து சாதாரண டவுன் பஸ்ல பெண்களுக்கு டிக்கெட் இல்ல, அதனால சுத்துப்பட்டு கிராமத்துல இருந்து அக்காமார் தைரியமா வர்றாங்க. ஆனா அவங்க ஊருக்கு போற அந்த ஒரு பஸ்ஸை விட்டா அடுத்தது முக்கால் மணி நேரம் கழிச்சு தான். அண்ணா பஸ் ஸ்டாண்டோ வடசேரியோ, எங்க இருந்து ஏறுவாங்கன்னு கேட்டு, நடக்கிற நேரத்தையும் கூட்டி தான் நீங்க முடிக்கிற நேரம் வைக்கணும். 6ன்னா 6. பேசுறவர் யாரா இருந்தாலும் சரி.

இடமும் அப்படியே. இந்த மரத்தடி, இந்த சிமெண்ட் மேடைன்னு ஒண்ணு. இதுல ஒரு சின்ன சூட்சுமம் இருக்கு. ஆடிமாசம் மேற்க இருந்து காத்து பலமா அடிக்கும், அப்போ பேசுறவர் காத்து வர்ற பக்கமா, அதாவது மேற்க நின்னா தான் சத்தம் உட்கார்ந்திருக்கிறவங்க காதுக்கு வந்து சேரும், கிழக்க நின்னா எவ்வளவு கத்தினாலும் காத்து அள்ளிட்டு போயிரும். ஆனா மேற்க நின்னா கேட்கிறவங்க எல்லாரும் சாயங்கால வெயிலை நேரா பார்த்து கண்ணை சுருக்கிட்டு இருப்பாங்க. ரெண்டையும் சமாளிக்க, மேற்கு பக்கம் ஒரு கட்டிடமோ அடர்த்தியான மரமோ இருக்கிற இடமா பாருங்க, அதுக்கு முன்னாடி பேசுறவர் நிக்கட்டும். இதை கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரு வருஷம் ஆச்சு, நடுவுல "ஒண்ணும் கேக்கல வே"ன்னு எவ்வளவு பேச்சு வாங்கினோம்னு எங்களுக்கு தான் தெரியும்.

5. அனுமதி: ரெண்டு இடம், ரெண்டு மனு

முதல்ல பார்க் யாரோடதுன்னு போர்டை பாருங்க. எல்லா பார்க்கும் மாநகராட்சி பார்க் இல்ல, சிலது வேற துறையோடதா இருக்கும். நாகர்கோவில் 2019ல மாநகராட்சி ஆயிடுச்சு, அதனால மனு ஆணையர் பேருக்கு. நகராட்சியா இருந்தாலும் ஆணையர், பேரூராட்சியா இருந்தா செயல் அலுவலர். இது இடத்துக்கான அனுமதி. ஆள் கூடுறதுக்கும், மைக் வச்சா மைக்குக்கும், அந்த எல்லைக்கு உட்பட்ட போலீஸ் ஸ்டேஷன்ல தனி மனு.

மனுவுல "கூட்டம்"னு எழுதாதீங்க. "பொதுக்கூட்டம்"னு எடுத்துக்கிட்டு எந்த கட்சி, யாரு பேச்சாளர்னு கேள்வி மேல கேள்வி வரும். "வாசிப்பு, பாட்டு, சிறுவர் விளையாட்டு நிகழ்வு, சுமார் 40 பேர், மாதந்தோறும் இரண்டாவது சனிக்கிழமை மாலை 4.30 முதல் 6 வரை, கட்டணம் இல்லை, பந்தல் இல்லை, சமையல் இல்லை"ன்னு தெளிவா போடுங்க. ஒரே மனுல பன்னெண்டு மாசத்து தேதியையும் எழுதிக் கேளுங்க. மாசாமாசம் மனு கொடுத்தா மாசாமாசம் அலையணும்.

ரெண்டு காப்பி எடுத்துட்டு போய் தபால் பிரிவுல ஒண்ணை கொடுத்து, இன்னொண்ணுல சீல், தேதி, கையெழுத்து வாங்காம அங்க இருந்து நகரக்கூடாது. நாங்க முதல்தடவை ஒரு ஆபீஸ்ல மேஜையில இருந்தவர்கிட்ட மனுவை கையில கொடுத்துட்டு, அவர் சிரிச்சுட்டே "பண்ணிரலாம்"னு சொன்னதும் நம்பி வந்துட்டோம். ஒரு மாசம் கழிச்சு போனா அவர் மாறுதல்ல போயாச்சு, மனுவும் இல்ல, மனு கொடுத்ததுக்கு அடையாளமும் இல்ல. மறுபடியும் முதல்ல இருந்து.

மைக் வேணுமா? நாற்பது பேர் அரைவட்டமா உட்கார்ந்தா வேண்டாம். வில்லுப்பாட்டு, களியல் ஆட்டம் மாதிரி ஏதாவது வச்சா தான் தேவைப்படும். 2000ல வந்த ஒலி மாசு விதிப்படி எழுத்து மூலமா அனுமதி இல்லாம ஒலிபெருக்கி வைக்கக்கூடாது, ராத்திரி 10ல இருந்து காலை 6 வரை திறந்த வெளியில கூடவே கூடாது, ஆஸ்பத்திரி, ஸ்கூல், கோர்ட்டை சுத்தி 100 மீட்டர் அமைதி மண்டலம். டவுன் நடுவுல பார்க்குன்னா இந்த மூணுல ஒண்ணு பக்கத்துல இருக்கவே செய்யும், முன்னாடியே தூரத்தை அளந்துக்கோங்க.

தேர்தல் அறிவிச்சா நடத்தை விதி வந்துரும், கையில இருக்கிற அனுமதி போதும்னு இருக்காம ஸ்டேஷன்ல போய் ஒருதடவை கேட்டுக்கோங்க. வார்டு கவுன்சிலர்கிட்டயும் ஒரு காப்பி கொடுங்க, ஆனா அவரை தலைமை தாங்க கூப்பிடாதீங்க, வந்தா எல்லாரையும் மாதிரி பாய்ல இருக்கட்டும். லைட் எரியல, கக்கூஸ் பூட்டி கிடக்குங்கிற மாதிரி விஷயத்தை வார்டு மக்கள் கூடி பேசுற பகுதி சபைல சொல்லுங்க. 2022 நவம்பர் 1ல இருந்து நகர்ப்புறத்துலயும் பகுதி சபை நடத்துறாங்க, அங்க சொன்னா பதிவாகும்.

6. மழைக்கான ஏற்பாடு: முதல் கூடுகைக்கு முன்னாடியே

சென்னைக்காரங்களுக்கு ஒரு மழைக்காலம், நமக்கு ரெண்டு. ஜூன்ல இருந்து செப்டம்பர் வரை தென்மேற்கு, அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரை வடகிழக்கு, இது போக ஏப்ரல் மே சாயங்காலத்துல இடியோட கோடைமழை. கணக்கு பார்த்தா வருஷத்துல பாதி மாசத்துக்கு மேல மழை வரலாம்ங்கிற மாசம் தான். அதனால "மழை வந்தா பார்த்துக்கலாம்"ங்கிறது திட்டமே இல்ல.

நாங்க மூணு படியா வச்சிருக்கோம். தூத்தலா இருந்தா அதே இடம், குடையோட. நல்ல மழைன்னா பார்க்குக்கு உள்ளயே இருக்கிற மண்டபம், அதுவும் இல்லாட்டா நடந்து போற தூரத்துல சுவரும் கூரையும் உள்ள ஒரு இடம், லைப்ரரி ஹாலோ சமுதாயக்கூடமோ, முன்னாடியே பேசி வச்சது. வானிலை மையம் ஆரஞ்சோ சிவப்போ எச்சரிக்கை விட்டா, இல்ல புயல் சின்னம்னா, கூடுகை கிடையாது, அதுல யோசனையே வேண்டாம்.

இடி இருந்தா கணக்கு வேற. மரத்தடியும் கூடாது, நாலு தூண் மேல தகரம் போட்ட திறந்த மண்டபமும் பாதுகாப்பில்ல. சத்தம் கேட்டதும் எல்லாரையும் கட்டிடத்துக்குள்ள கூட்டிட்டு போகணும், கடைசி இடிச்சத்தத்துக்கு அப்புறம் அரைமணி நேரம் வெளிய வரக்கூடாது. பிள்ளைங்க மழையில ஆட ஓடும், ஒருத்தர் அதுக்குன்னே நிக்கணும்.

இப்போ அந்த நடந்து வர்ற தூரத்து ஆள் விஷயம். முதல் வருஷம் அக்டோபர்ல மதியம் மூணு மணிக்கே இருட்டிட்டு கொட்டுச்சு, வாட்ஸப் குரூப்ல "இன்னைக்கு இல்ல"ன்னு போட்டுட்டு நாங்க அவங்கவங்க வீட்ல சாயா குடிச்சிட்டு இருந்தோம். அடுத்த நாள் வாச்மேன் போன் பண்ணி சொன்னார், ஒரு ஆச்சி 4.30க்கு கரெக்டா வந்து, நனைஞ்ச பெஞ்ச்ல கைப்பையில இருந்த பழைய பேப்பரை விரிச்சு உட்கார்ந்து, மடக்கின குடையை மடியில வச்சுக்கிட்டு 6 மணி வரை இருந்துட்டு போனாங்களாம். "பிள்ளைங்க வரும், மழைனால லேட்டாகுது"ன்னு அவர்கிட்டயே சொன்னாங்களாம். ஆச்சிகிட்ட போன் கிடையாது. போன் வச்சிருக்கிறவங்களுக்கு மட்டும் தான் நாங்க கேன்சல் பண்ணியிருக்கோம்.

அன்னைக்கு இருந்து ஒரே விதி: எச்சரிக்கை இருந்தாலும் இல்லாட்டாலும், பார்க்குக்கு பக்கத்துல இருக்கிற ரெண்டு பேர்ல ஒருத்தர் 4.30க்கு வாசல்ல நிப்பார். நிக்கவே முடியாத புயல்னா, முந்தின நாளே கரும்பலகையில எழுதி வாச்மேன்கிட்ட சொல்லிடுவோம், போன் இல்லாதவங்க வீட்டுக்கு பக்கத்து ஆள் மூலமா சேதி போகும். யாருகிட்ட போன் இல்லைங்கிறது நோட்டோட முதல் பக்கத்துலயே இருக்கும். ஏழு பேர்.

7. முதல் நாள்

ஆரம்பிக்க நல்ல மாசம் எதுன்னு கேட்டா ஆகஸ்ட். ஜனவரி இல்ல. ஜனவரில ஆரம்பிச்சா நாலு மாசம் ஈசியா போகும், மே லீவுல எல்லாரும் சிதறிடுவாங்க, ஜூன்ல ஸ்கூல் திறப்பும் மழையும் சேர்ந்து வந்து அடிக்கும், பழக்கம் ஒட்டாது. ஆகஸ்ட்ல தொடங்கினா லேசான தூத்தல்லயே பழகி, வடகிழக்கு மழை வர்றதுக்குள்ள ரெண்டு மூணு கூடுகை ஆகியிருக்கும், மழைன்னா என்ன பண்ணணும்னு வர்றவங்களுக்கே தெரிஞ்சிருக்கும்.

3.45க்கு நாலு பேரும் போயிடணும். தரையை பெருக்கி, தண்ணி தேங்கியிருந்தா வாரி விட்டு, கீழ தார்பாய், மேல கோரைப்பாய். தார்பாயை தலைகீழா மாத்தி பாயை கீழ போட்டா பாய் ஈரத்தை உறிஞ்சி ஒரே மாசத்துல பூசணம் பிடிச்சிரும். வயசானவங்களுக்கு சேர் ஒரு ஓரமா இல்ல, வட்டத்துக்குள்ளயே, வாசலுக்கு பக்கமா.

4.30க்கு மூணு பேர் தான் இருந்தாலும் ஆரம்பிச்சிருங்க. ஆள் வரட்டும்னு 5 வரை காத்திருந்தா அடுத்த மாசம் எல்லாரும் 5க்கு தான் வருவாங்க. முதல் கால்மணி நேரம் பேர், ஊர், இந்த மாசம் பார்த்த ஒரு விஷயம், அவ்வளவு தான். அப்புறம் ஒரே ஒரு நிகழ்ச்சி, நாற்பது நிமிஷம். மிச்ச நேரம் சும்மா பேச விட்டுருங்க, சுக்குகாப்பி அப்போ தான். புதுசா நடத்துறவங்க ஒன்றரை மணி நேரத்துல ஆறு நிகழ்ச்சி திணிச்சிருவாங்க, வந்தவங்க ஒருத்தரோட ஒருத்தர் பேசவே நேரமிருக்காது, பேசத்தானே பார்க்குக்கு வர்றாங்க.

நன்றியுரை, சால்வை, நினைவுப்பரிசு எதுவும் கிடையாது. இதுல கண்டிப்பா இருங்க. சால்வை உள்ள வந்தா யாருக்கு போடலைங்கிற சண்டையும் கூடவே வரும்.

8. வருஷத்து காலண்டரை ஒரே நாள்ல போடுங்க

நாள் மாறாது, நிகழ்ச்சி மட்டும் மாசத்துக்கு தக்க மாறும். ஆகஸ்ட் செப்டம்பர்ல ஓணம் வரும், பூக்கோலம் போட பிள்ளைங்க துடிக்கும். அக்டோபர் நவம்பர் உள்ள இருந்து செய்யுற மாதிரி கதை, வாசிப்பு, பல்லாங்குழி. நவம்பர் 1 நம்ம மாவட்டம் 1956ல தமிழ்நாட்டோட சேர்ந்த நாள், பெரியவங்களை அந்த காலத்து கதை சொல்ல விட்டா நேரம் போறதே தெரியாது. டிசம்பர்ல கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா டிசம்பர் 3 வரை, அப்புறம் கிறிஸ்மஸ் வேலை, மார்கழி சுசீந்திரம் தேர், டவுன்ல வண்டி நகராது. அந்த மாசம் பெருசா ஒண்ணும் திட்டமிடாதீங்க, அச்சுமுறுக்கோட ஒருமணி நேரம் உட்கார்ந்துட்டு எந்திரிங்க, போதும்.

பிப்ரவரி தான் வில்லுப்பாட்டு, சிலம்பம் மாதிரி வெளிய ஆட்டம் வைக்க நல்ல மாசம், மழை கம்மி. மாசில மண்டைக்காடு அம்மன் கோயில் கொடை நாட்கள் ரெண்டாவது சனிக்கிழமையோட மோதுதான்னு முன்னாடியே பாருங்க. மார்ச்ல பப்ளிக் எக்ஸாம், பத்தாவதும் பிளஸ் டூவும் படிக்கிற வீட்ல இருந்து ஆள் வராது, அதுக்காக நிறுத்தாதீங்க, பெரியவங்களுக்கானதா வச்சுக்கோங்க. மே மாசம் வெளியூர் பேரப்பிள்ளைங்க வந்திருக்கும், மாம்பழமும் சக்கையும் (பலாப்பழம்) யாராவது கொண்டு வருவாங்க.

இன்னொரு விஷயம் டவுன் ஆளுங்களுக்கு தோணாது. மீன்பிடி தடைக்காலம் நம்ம மாவட்டத்துக்கு ரெண்டு, கிழக்கு பக்கம் ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14, குளச்சல் பக்கம் மேற்குக்கடல்ல ஜூன் 1ல இருந்து ஜூலை 31. விசைப்படகுல போற அண்ணன்மார் கரையில இருக்கிற நாள் அதுதான். ரெண்டாவது வருஷம் ஜூலைல ஒருத்தர் வந்து வலை பொத்துறதை செஞ்சே காட்டினார், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல நூலை இழுத்து முடிச்சு போடுற வேகத்தை பார்த்து பிள்ளைங்க மூச்சு விடல. அந்த மாசம் தூத்தல் விடவே இல்ல, ஒருத்தரும் எந்திரிச்சும் போகல.

9. சாப்பாடு, குப்பை, கக்கூஸ்

அடுப்பு வைக்காதீங்க, அனுமதியும் கிடைக்காது, புல்லும் கருகும். வீட்ல இருந்து ஃப்ளாஸ்க்ல கருப்பட்டி போட்ட சுக்குகாப்பி, அவிச்ச மரச்சீனிக்கிழங்கு, காந்தாரி மிளகாய் சம்மந்தி (துவையல்), மட்டிப்பழம். எல்லாம் கையால எடுத்து வாழையிலை துண்டுல வச்சு தின்னுட்டு போற பொருள். எண்ணெய் பலகாரம்னா கை தொடைக்க பேப்பர், அந்த பேப்பர் காத்துல பறக்கும், அதை பொறுக்க நாம தான் ஓடணும்.

பேப்பர் கப் நல்லதுன்னு நினைச்சு வாங்காதீங்க. 2019 ஜனவரி 1ல இருந்து தமிழ்நாட்டுல இருக்கிற ஒருதடவை பயன்படுத்துற பிளாஸ்டிக் தடையில, உள்பக்கம் பிளாஸ்டிக் பூசின பேப்பர் கப்பும் அடங்கும். சில்வர் டம்ளரை வாளித்தண்ணில அலசி, வீட்ல போய் சோப்பு போட்டு கழுவுறது தான் வழி. டம்ளரை எண்ணி கொடுத்து எண்ணி வாங்குங்க. ஐம்பதுல ஆரம்பிச்சோம், இப்போ நாற்பத்தி ஒண்ணு.

கக்கூஸ் திறந்திருக்கா, தண்ணி வருதா, உள்ள கொண்டி (தாழ்ப்பாள்) இருக்கா இந்த மூணையும் 4 மணிக்கு ஒரு அக்கா போய் பார்த்துட்டு வரணும், ஆம்பிளை பார்த்து சொல்றது கணக்கில்ல. இது சரியில்லாத பார்க்குல பெண்கள் ஒருதடவை வருவாங்க, ரெண்டாவது தடவை வரமாட்டாங்க, காரணமும் சொல்லமாட்டாங்க.

வீல்சேர்ல வர்றவங்க இருந்தா, முன் வாசல்ல இருக்கிற வளைவு கேட்டுக்குள்ள வீல்சேர் நுழையாது. பக்கத்து பெரிய கேட்டை 4.15க்கே திறந்து வைக்க வாச்மேன்கிட்ட சொல்லி வைங்க.

10. காசு, கொடி, போட்டோ

காசு வசூல் பண்ணாதீங்க. காப்பி ஒரு வீடு, கிழங்கு ஒரு வீடுன்னு முறை போட்டா ரொக்கமே புழங்க வேண்டாம், கணக்குச் சண்டையும் வராது. யாராவது ஸ்பான்சர் பண்றேன்னு வந்தா பாயோ ஃப்ளாஸ்க்கோ பொருளா வாங்குங்க, அதுல பேர் எழுதக்கூடாது.

எந்த கட்சி கொடியும் வேண்டாம், எந்த சாமி பேர்லயும் நடத்த வேண்டாம், ஆனா யாரு வீட்டு பண்டிகை பலகாரமும் வரலாம். இதை முதல் நாளே சத்தமா சொல்லிடணும், பின்னாடி ஒருத்தருக்கு மட்டும் சொன்னா மனசு சங்கடப்படும்.

பிள்ளைங்க போட்டோவை அப்பா அம்மாகிட்ட கேக்காம எதுலயும் போடாதீங்க. நோட்டோட கடைசி பக்கத்துல 108, பக்கத்து ஸ்டேஷன் நம்பர், வாச்மேன் நம்பர் பெருசா எழுதியிருக்கட்டும், மழையில நனையாம இருக்க நோட்டுக்கு ஒரு கவர்.

11. முடிஞ்சதும் இருபது நிமிஷம்

பாயை உதறி, தார்பாயை தொடைச்சு, இடத்தை ஒரு சுத்து சுத்தி வந்து குப்பையை சாக்குல எடுங்க, நாம போடாத குப்பையையும் சேர்த்து. ஈரமான தார்பாயை அப்படியே மடக்கி வைக்காதீங்க, வீட்டு மாடியில ஒருநாள் காயணும், இல்லேன்னா அடுத்த மாசம் விரிக்கும்போது நாத்தம் தாங்காது.

நோட்டுல எத்தனை பேர், புதுசா யாரு, யாரு வரலைன்னு எழுதுங்க. தொடர்ந்து ரெண்டு மாசம் வராத பெரியவங்க வீட்டுக்கு ஒருத்தர் நேர்ல போயிட்டு வரணும், போன்ல இல்ல.

கடைசியா வாசல்ல இருக்கிற கரும்பலகையில அடுத்த தேதியை எழுதிட்டு தான் கிளம்பணும். சாக்பீஸ்ல எழுதினா மழையில அழிஞ்சிரும், அதனால தேதியை மட்டும் வெள்ளை பெயிண்ட்ல எழுதினோம், இப்போ ஒவ்வொரு மாசமும் பழசை கருப்பு பெயிண்ட் வச்சு அடிக்க வேண்டியிருக்கு. இதுக்கு நல்ல வழி தெரிஞ்சவங்க சொல்லுங்க மக்கா.